பக்கத்து அறையில் ஓர் ஏஐ வியர்க்கிறது

முதலில் ஏசியை நிறுத்தினார்கள். வெளியே சென்னையின் மே மாத வெயில். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அலுவலகத்தின் மூன்றாவது மாடி. ஆனாலும் நிறுத்தினார்கள். மேசைமேல் இருக்கும் குட்டி மைக்கில் ஏசியின் உறுமல் விழுந்தால், சோதனைக்கு வந்து உட்காருபவர் வாய்க்குள் முணுமுணுப்பது பதிவாகாதாம். “அந்த முணுமுணுப்புக்குத்தாங்க இவ்வளவு செலவு பண்றோம்” என்று கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார் டிசைனர்.

ஓர் ஆப் நம் போனில் வந்து இறங்குவதற்கு முன்னால் இப்படி ஓர் அறையைத் தாண்டி வருகிறது! என்ன சாப்பிட்டோம், எவ்வளவு சாப்பிட்டோம் என்று குறித்துவைக்கும் டயட் ஆப் ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. வெளியிடுவதற்கு முன் அதைச் சாதாரண மனிதர்கள் கையில் கொடுத்து, அவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். யூசபிலிட்டி டெஸ்டிங் என்பது தொழில் பெயர். நிறுவனத்தின் பெயரும் வந்தவர்களின் பெயரும் வெளியே போகக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு என்னை உள்ளே விட்டார்கள். வாங்க, செருப்பை இங்கேயே கழற்றிவிடுங்கள். தரையெல்லாம் வயர், பார்த்து வாருங்கள்.

மொத்தம் இரண்டு அறைகள். சோதனை அறை துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில். டேபிள் லாம்ப் ஒன்றின் பல்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வெப்கேமை செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். மேலிருந்து போனையும் விரல்களையும் மட்டும் அது பார்க்கும், முகம் வராது. சினிமாவில் வருகிற ஒருபக்கக் கண்ணாடியெல்லாம் கிடையாது. கேமரா பார்ப்பதெல்லாம் அடுத்த அறையில் இருக்கும் டிவியில் ஓடும்.

அந்த அடுத்த அறையைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்! மஞ்சளும் இளஞ்சிவப்புமாக ஸ்டிக்கி நோட் குவியல், பாதி காலியான முறுக்கு பாக்கெட், மூடி தொலைந்த மார்க்கர் பேனாக்கள், சமையலறை எடை மெஷின், ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு, அதன்மேல் மூடிவைத்த சாம்பார். கல்யாண மண்டபத்தின் பின்கட்டு போல ஒரே பரபரப்பு. சுவரில் பெரிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை: ‘சிரிக்கக் கூடாது. ஐயோ என்று சொல்லக் கூடாது. உதவிக்கு ஓடக் கூடாது.’ இரண்டு அறைக்கும் நடுவே வெறும் பிளைவுட் தடுப்பு. போன முறை ஒரு டெவலப்பர் சிரித்தது அந்தப் பக்கம் கேட்டுவிட்டதாம். அதனால் இப்போது சோபா குஷன் ஒன்று தயாராக இருக்கிறது, சிரிப்பு வந்தால் முகத்தைப் புதைத்துக்கொள்வதற்கு.

சாம்பாருக்குச் சொந்தக்காரர் டயட்டீஷியன். காலை 7 மணிக்கே வந்துவிட்டாராம். சோதனைக்கு வருபவர்கள் முன்னால் நிஜமான சாப்பாட்டுத் தட்டு வைக்கப்படும். சாதம், சாம்பார், பீன்ஸ் பொரியல், தயிர் சாதம், ஊறுகாய், ஓர் அப்பளம். ஒவ்வொன்றையும் எடை போட்டு ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்கிறார். வந்தவர் ஆப்பில் எவ்வளவு என்று போடுகிறாரோ, அதை இந்தத் தாளோடு ஒப்பிடுவார்கள்.

“சாம்பாருக்கு எத்தனை கலோரின்னு எங்காவது எழுதியிருக்காதா?” என்று கேட்டேன். அவர் கண்கள் மின்னின. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுக் கலவை அட்டவணையில் 528 உணவுப்பொருட்கள் இருக்கின்றன. துவரம்பருப்பு இருக்கும், புளி இருக்கும், முருங்கைக்காய் இருக்கும். ஆனால் அவையெல்லாம் பெரும்பாலும் சமைக்காத பொருட்கள். அவற்றைக் கொண்டு ஒரு கரண்டி சாம்பாரைக் கணக்கிடுவது ஆப்காரர்களின் பாடு. அதற்குத்தான் அந்த அடுப்பு, அதற்குத்தான் எடை மெஷின். போகிறபோக்கில் இன்னொரு தகவலும் சொன்னார்: அந்த நிறுவனம் பிறந்ததே நம் ஊரில்தான். 1918இல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒற்றை அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் தொடங்கியது. 1958இல்தான் ஹைதராபாத் போனது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. குன்னூரின் அந்த ஒற்றை அறையிலிருந்து இந்த இண்டக்‌ஷன் அடுப்பு வரைக்கும் ஒரு கோடு நேராக வருகிறது, பாருங்கள்.

முதல் ஆள் வருவதற்கு முன் ஒத்திகை. பைலட் என்கிறார்கள். இதற்கு அலுவலகத்தில் டீ போடும் அக்காவைப் பிடித்து உட்காரவைத்தார்கள். மாடரேட்டர், அதாவது பக்கத்தில் உட்கார்ந்து நடத்தும் பெண், ஓர் அட்டையை நீட்டினார். ‘இன்று காலை சாப்பிட்டதை உணவைச் சேர் பகுதியில் பதிவு செய்யுங்கள்.’ அக்கா இரண்டே நொடியில் பட்டனைத் தட்டினார். பின்னறையில் கைதட்டல். ஆனால் அக்கா முகத்தில் பெருமை இல்லை. “இங்கதான் உணவைச் சேர்னு எழுதியிருக்கு, அட்டையிலயும் அதான் இருக்கு. இதுல என்னம்மா பரீட்சை?”

கைதட்டல் நின்றது. அட்டையே விடையைச் சொல்லிவிட்டது! உடனே கிழித்துப்போட்டு வேறு எழுதினார்கள்: ‘இன்னைக்குக் காலைல நீங்க என்ன சாப்பிட்டீங்கன்னு இந்த ஆப்புக்குத் தெரியணும்.’ அவ்வளவுதான். இப்போது அக்கா தேடிய தேடல் வேறு மாதிரி இருந்தது. தன் பெயர் இருக்கும் பக்கத்துக்குப் போனார், மணி படத்தைத் தட்டினார், கடைசியில் “எங்கப்பா ஒளிச்சு வச்சீங்க?” என்று போனை மேசைமேல் வைத்துவிட்டு, கொதிக்கும் பாலைப் பார்க்க எழுந்து போனார். டிசைனர் இளஞ்சிவப்புத் தாளில் முதல் குறிப்பை எழுதினார். அன்று முழுக்க அந்தத் தாள் சுவரில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

10 மணிக்கு பி-1. இங்கே யாருக்கும் பெயர் இல்லை. பி-1, பி-2 என்றுதான் குறிப்பில் எழுதுகிறார்கள். பி-1 ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சர்க்கரை உண்டு. சாப்பிடுவதை எழுதிக்கொண்டு வரச்சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அந்தக் கூட்டத்தின் பிரதிநிதி, சட்டைப் பையில் பேனாவோடு, நேரம் தவறாமல் வந்து நிற்கிறார்.

மாடரேட்டர் முதலில் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பரிசுக் கூப்பனை ஆரம்பத்திலேயே கையில் கொடுத்துவிட்டார். “இது உங்க நேரத்துக்கு சார். நடுவுல எழுந்து போனாலும் இது உங்களுக்குத்தான். இந்த ஆப்பை நான் செய்யலை. அதனால நீங்க திட்டினா எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சோதனை உங்களுக்கு இல்லை, ஆப்புக்குத்தான்.” ஆப்பைச் செய்தவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் குஷனைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார்.

சாரின் சொந்த போனிலேயே ஆப்பை ஏற்றினார்கள். மூன்று இட்லி சாப்பிட்டதைத் தேடிப் போட்டார். எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு விரல் திரைக்கு மேலே அப்படியே நின்றது. இடது ஓரம், வலது ஓரம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், மறுபடி இறக்கினார். “போட்டாச்சு… அடுத்து என்ன?” திரையைத் தடவினார், அசையவில்லை. பின்னறையில் டெவலப்பர் டிவிக்கு அருகே போய் மூக்கு ஒட்டும் தூரத்தில் நின்றார். “சேமி பட்டன் எங்கடா போச்சு?”

பட்டன் திரைக்குக் கீழே போயிருந்தது! சார் தன் கண்ணுக்கு வசதியாகப் போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறார். எழுத்து பெருத்ததும் எல்லாம் கீழே நகர்ந்து, சேமி பட்டன் திரையை விட்டே வெளியேறிவிட்டது. அந்தப் பக்கத்தைக் கீழே தள்ளிப் பார்க்கவும் வழியில்லை. டிசைனர்கள் அனைவரும் முப்பதைத் தொடாதவர்கள். அவர்கள் போனில் எழுத்து சின்னதாகவே இருக்கிறது. மாதக்கணக்கில் இந்தப் பட்டனைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். யாராவது போய்ச் சொல்லக் கூடாதா என்றிருந்தது. சுவர் எச்சரிக்கை தடுத்தது. அப்போது சார் போனைத் தள்ளிவைத்து மெதுவாகச் சொன்னார்: “எனக்கு இதெல்லாம் வராதும்மா. தப்பு என்மேலதான்.”

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பையன் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு நட்சத்திரம் போட்டான். அது இந்தக் குழுவின் வழக்கம். வந்தவர் எப்போதெல்லாம் தன்னைத்தானே குறை சொல்லிக்கொள்கிறாரோ, அப்போதெல்லாம் ஒரு சிவப்பு நட்சத்திரம். அந்த இடத்தில் தோற்றது ஆப் என்று அர்த்தம். நான் அன்று பார்த்ததில் இதைத்தான் ஊர் முழுக்கச் சொல்ல ஆசைப்படுகிறேன். ரயில்வே டிக்கெட் மெஷின், பேங்க் ஆப், மின்கட்டணப் பக்கம் என்று எத்தனை இடத்தில் நம் பெரியவர்கள் ‘எனக்குத் தெரியலப்பா’ என்று கூசிப்போய்ப் பிள்ளைகளிடம் போனை நீட்டுகிறார்கள்! அவ்வளவுக்கும் யாராவது நட்சத்திரம் போட்டிருந்தால் சுவர் கொள்ளாது.

கிளம்பும் முன் சாருக்கு ஒரு தாள். ஜான் புரூக் என்பவர் 1986இல் இங்கிலாந்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் இருந்தபோது உருவாக்கிய கேள்வித்தாள் அது. 10 வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு. ஒற்றைப்படை வாக்கியங்கள் ஆப்பைப் புகழும், இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்லும். மொத்தம் 100க்கு. பலவகைப் பொருட்களைச் சோதித்ததில் சராசரி 68 வாக்கில் நிற்கிறது என்பார்கள். சார் பேனாவை எடுத்து, பரீட்சைத் தாள் திருத்திய வேகத்தில், அத்தனைக்கும் 5 போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ‘இந்த ஆப் எளிதாக இருக்கிறது’ என்பதற்கும் 5. ‘இந்த ஆப் தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது’ என்பதற்கும் 5!

குழந்தைகள் கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறார்கள், மனசு நோகக் கூடாது. அவ்வளவுதான் அவர் கணக்கு. அந்தத் தாளின் கணக்கோ வேறு. எல்லாவற்றுக்கும் 5 போட்டால் விடை சரியாக 50 வரும். சராசரிக்கும் கீழே. “அள்ளிக் கொடுத்துட்டுப் போயிட்டார், ஆனா ஃபெயில்” என்றார் மாடரேட்டர். சிரிப்பு அடங்கியதும் டிசைனர் குறித்துக்கொண்டார்: அடுத்தவர்களிடம் தாளை நீட்டாமல், வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டிக் கேட்க வேண்டும்.

சரி, இப்போது கொஞ்சம் கிட்டே வாருங்கள், ரகசியம் ஒன்று. பின்னறையின் மூலையில், ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஸ்டூல். அதில் ஒரு பயிற்சி மாணவர், மடியில் லேப்டாப், நெற்றியெல்லாம் வியர்வை. இவர்தான் ஏஐ.

ஆமாம்! தட்டைப் படம் எடுத்தால் என்ன உணவு என்று ஆப்பே சொல்லும் வசதி ஒன்று வரப்போகிறது. ஆனால் இன்னும் செய்து முடிக்கவில்லை. செய்து முடிப்பதற்கு முன்பே மக்கள் அதை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று பார்த்துவிட வேண்டும். அதனால் அந்தப் பக்கம் படம் எடுத்தால் இவருடைய லேப்டாப்பில் வந்து விழும். இவர் மின்னல் வேகத்தில் ‘சாதம், சாம்பார், பீன்ஸ் பொரியல்’ என்று டைப் செய்து அனுப்புவார். அங்கே திரையில் ஒரு வட்டம் சுற்றி, பதில் வரும். விசார்ட் ஆஃப் ஆஸ் கதையில் திரைக்குப் பின்னால் நின்று மந்திரவாதியாக நடித்தவரின் பெயரைத்தான் இந்த உத்திக்கு வைத்திருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்திலிருந்தே இந்தத் துறையில் இருக்கிறது. சோதனை முடிந்ததும் வந்தவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது கட்டாயம்.

பி-2 ஓர் அம்மா. ஐந்து பேருக்குச் சமைப்பவர். மனசில் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனைப் பார்க்க வேண்டும், அதற்கு முதலில் பழக்க வேண்டும். “உங்க வீட்டுல மொத்தம் எத்தனை ஜன்னல்? நினைச்சுப் பாத்து, எண்ணிக்கிட்டே சொல்லுங்கம்மா.” அம்மா எந்த வீடு என்று கேட்டார். பிறகு தானாகவே திருநெல்வேலி வீட்டுக்குப் போய்விட்டார். வாசல் பக்கம் இரண்டு, பட்டாசாலையில் ஒன்று, அடுக்களையில் ஒன்று, அது பக்கத்து வீட்டு அத்தை வாங்கின புளியைத் திருப்பித் தருகிற ஜன்னல்… மாடரேட்டர் பாதியில் நிறுத்த மனமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னறையில் நாங்கள் எல்லோரும் அந்த அடுக்களையில் நின்றுகொண்டிருந்தோம்.

தட்டு வந்தது. “இதைப் படம் எடுத்தா என்னென்ன இருக்குன்னு ஆப்பே சொல்லும்மா.” அம்மா போனைத் தூக்கினார், தட்டினார். ஸ்டூலில் இருந்த பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் லேப்டாப்பில் வந்து விழுந்தது அம்மாவின் முகம். மிக அருகில், மூக்குத்தி தெளிவாக. செல்ஃபி கேமரா!

பையன் திகைத்து எங்களைப் பார்த்தான். அந்தப் பக்கம் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டெவலப்பர் குஷனுக்குள் போய்விட்டார். டயட்டீஷியன் வாயைப் பொத்திக்கொண்டு சைகை காட்ட, பையன் ஒருவழியாக டைப் செய்தான்: ‘உணவு எதுவும் தெரியவில்லை.’ அம்மா அதை உரக்கப் படித்தார். “காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடலைன்னு மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிருச்சே!”

குஷன் போதவில்லை. ஒருவர் பாத்ரூமுக்கு ஓடினார்.

அடுத்த படம் சரியாக வந்தது. ஆனால் பையனின் கையில் இருந்த திட்டத்தில் ஓர் இடத்தில் வேண்டுமென்றே தப்பாகச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஏஐ தப்பு செய்தால் மனிதர்கள் எப்படித் திருத்துவார்கள் என்று பார்க்க. தயிர் சாதத்துக்கு அவன் ‘பால் பாயசம்’ என்று அனுப்பினான். அம்மா நிமிர்ந்துவிட்டார். “பாயசமா? கடுகு கண்ணுக்குத் தெரியலையா? கறிவேப்பிலை?” திருத்த வழி தேடினார். பாயசத்தைத் தட்டினார், அதன் சத்து விவரம்தான் வந்தது. நீக்க ஒன்றும் இல்லை. பின்னால் போகும் பட்டனைத் தட்டினார். சாதம், சாம்பார், பொரியல் எல்லாமே அழிந்துபோனது. “அடடா, எல்லாம் போச்சே. நான்தான் எதையோ…” சிவப்பு நட்சத்திரம். ஜேக்கப் நீல்சன் 1994இல் தொகுத்த பத்து யூசபிலிட்டி விதிகளிலேயே இது இருக்கிறது: தெரியாமல் ஓர் இடத்துக்கு வந்துவிட்டவர் சேதமில்லாமல் திரும்பிப் போக வாசல் இருக்க வேண்டும். தெரிந்த விதிதான். ஆனாலும் ஒரு மனிதரின் மதியச் சாப்பாடு கண்ணெதிரே அழியும்போதுதான் குழுவுக்கு உறைத்தது.

இதன் பிறகு நடந்ததுதான் அன்றைய உச்சம். படம் வேண்டாம், கையாலேயே போடலாம் என்று மாடரேட்டர் சொன்னார். அம்மா சாம்பார் என்று தேடினார், வந்தது. எவ்வளவு என்று கேட்டது ஆப். பக்கத்தில் ‘கிராம்’ என்ற பெட்டி. அம்மா போனையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “கிராம்னா… பாத்திரத்துல இருக்கறதையா, ஊத்தினதையா? சாதத்துல கலந்ததுக்கப்புறம் எப்படி எடை போடறது?” கொஞ்ச நேரம் யோசித்து, 1000 என்று போட்டார். ஒரு கிலோ சாம்பார். “ஒரு வேளைக்கு நான் அவ்வளவுதான் வைப்பேன், அஞ்சு பேருக்கு.”

மாடரேட்டர் அருமையான ஒரு கேள்வி கேட்டார். “வீட்டுல நீங்க எப்படிம்மா அளப்பீங்க?” அம்மா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. வலது கையை உயர்த்தி, இல்லாத கரண்டி ஒன்றைப் பிடித்து, காற்றில் மொண்டு, தட்டில் ஊற்றினார். “ரெண்டு கரண்டி. அவருக்குன்னா மூணு.”

பின்னறையில் ஓர் ஓசையும் இல்லை. டிசைனர் மஞ்சள் தாளில் கரண்டி ஒன்றை வரைந்துகொண்டிருந்தார், வேறெதையும் எழுதாமல். நம் வீடுகளில் அளவு என்பது கரண்டியிலும் டம்ளரிலும் கைப்பிடியிலும்தான் இருக்கிறது. கிராமில் சமைக்கிற வீட்டை நான் பார்த்ததில்லை. சாப்பிடுவதை எழுதவைக்கும் ஓர் ஆப் முதலில் அடுக்களைக்குப் போய்க் கரண்டியைப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மடித்துவைத்த தாளோடு ஒப்பிட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. அம்மா அப்பளத்தைப் போடவே இல்லை. கேட்டதற்கு, “அதெல்லாமா கணக்கு?” என்றார். ஊறுகாயும் இல்லை. சமைக்கும்போது உப்புப் பார்ப்பது, பேரன் மிச்சம் வைத்ததை வீணாக்காமல் சாப்பிடுவது எதுவும் கிடையாது. இதைப் பொய் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். 1992இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், எவ்வளவு டயட் இருந்தும் எடை குறையவில்லை என்று சொன்ன 10 பேரைச் சோதித்தார்கள். அவர்கள் எழுதித்தந்த கணக்கு, உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவாக இருந்தது. டயட்டீஷியன் சொன்னார்: உணவு ஆய்வாளர்கள் நேரில் கேட்கும்போது, எல்லாம் சொல்லி முடித்தபிறகு ‘மறந்துபோனது’ என்றே தனியாக ஒரு சுற்று கேட்பார்களாம். பிஸ்கட், காபி, நொறுக்குத்தீனி என்று ஒவ்வொன்றாக. ‘அப்பளம்? ஊறுகாய்? ருசி பாத்தது?’ என்று அன்போடு ஒரு கேள்வி ஆப்பில் வந்தால் போதும். இன்னொரு மஞ்சள் தாள்.

சோதனை முடிந்து உண்மையைச் சொன்னதும் அம்மாவுக்குக் கோபம் வரவில்லை, ஆவல்தான் வந்தது. “அந்தக் கம்ப்யூட்டரை நான் பாக்கணுமே.” அழைத்து வந்தார்கள். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், சட்டை முதுகோடு ஒட்டியபடி எழுந்து நின்ற பையனை மேலும் கீழும் பார்த்தார். “நீதானாப்பா பாயசம்னு சொன்னது? நீ சாப்பிட்டியா?” இல்லை என்று தலையாட்டினான். எடை போட்டு வைத்திருந்த அடுத்த தட்டை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். டயட்டீஷியன் பெருமூச்சு விட்டு மறுபடியும் எடை மெஷினை ஆன் செய்தார்.

பி-3 ஜிம்முக்குப் போகும் இளைஞர். எல்லாவற்றையும் சட்டென்று முடித்துவிட்டார், முட்டை வெள்ளைக் கருவை எண்ணிக்கையோடு போட்டார், ஒரு நட்சத்திரமும் விழவில்லை. இவரை மட்டும் பார்த்திருந்தால் ஆப் பிரமாதம் என்று எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். பி-4 வரவில்லை. மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் பஸ் நிற்கிறது என்று போன் வந்தது, பிறகு போனும் வரவில்லை. அந்த நேரத்தில் ஏசியைப் போட்டு, எல்லோரும் அதற்குக் கீழே போய் நின்றுகொண்டு தயிர் சாதம் சாப்பிட்டோம்.

மாலையில் வந்த பி-5 ஒரு மருத்துவமனை நர்ஸ். இரவு டூட்டிக்குப் போகும் வழியில் வந்திருந்தார். மாடரேட்டர் “வாங்க சிஸ்டர்” என்றதுமே சிரித்தார். நேற்று ராத்திரி சாப்பிட்டதைப் போடச் சொன்னார்கள். அவர் இரவு உணவு சாப்பிட்டது 1:30 மணிக்கு. ஆப் 12 மணிக்கே அந்த நாளை மூடிவிட்டு, அதை ‘காலை உணவு’ என்று அடுத்த நாள் கணக்கில் போட்டது. விடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்ட தோசையும் அதே நாளில் சேர, மதியத்துக்கு முன்பே அன்றைய கலோரி அளவு தாண்டிவிட்டது. திரை முழுக்கச் சிவப்பு. ஒரு வருத்த முகப் பொம்மை வேறு.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “வார்டுல வாங்கறது போதாதா? வீட்டுக்கு வந்து இதுகிட்டயும் திட்டு வாங்கணுமா?” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விரல் ஆப்பை மூடிவிட்டது. மாடரேட்டர் சொல்லாமல், டாஸ்க் முடியாமல், தானாகவே மூடினார். உணவோடு ஏற்கெனவே மனப்போராட்டம் உள்ளவர்களை இந்தச் சோதனைக்கு அழைப்பதில்லை. முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு, பக்குவமாகத் தவிர்த்துவிடுகிறார்கள். அப்படிப்பட்டவர் கையில் இந்தச் சிவப்புத் திரை நாளை கிடைத்தால் என்ன ஆகும் என்று டயட்டீஷியன் கேட்டார். பொம்மையை வரைந்த டிசைனர் ஒரு வார்த்தையும் வாதாடவில்லை. லேப்டாப்பைத் திறந்து அந்த இடத்திலேயே அதை அழித்தார்.

இரவு 8 மணி. சுவர் முழுக்கத் தாள்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை கடுமை மதிப்பெண் போடுகிறார்கள். 4 என்றால் சரிசெய்யாமல் வெளியிடவே கூடாது. சேமி பட்டனுக்கு மறுபேச்சில்லாமல் 4. டெவலப்பர் தன் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, இனி சோதனை முடியும்வரை இப்படியே இருக்கும் என்று அறிவித்தார். கிராம் பெட்டிக்கு 3ஆ 4ஆ என்று ஒரே சண்டை. “நாலு பேர்தானே பாத்தோம், இதை வச்சு எப்படி முடிவு பண்றது?” என்றார் ஒருவர். ஐந்து பேரைப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று நீல்சன் 2000இல் எழுதியதை மாடரேட்டர் எடுத்துவிட்டார். ஒரே மாதிரியான ஐந்து பேருக்குத்தான் அது பொருந்தும், தலைமையாசிரியரும் ஜிம் பையனும் ஒரே மாதிரியா என்று எதிர்க்கேள்வி. முறுக்கு பாக்கெட் காலியானது.

முடிவு எப்படி வந்தது தெரியுமா? கரண்டியால்! யாரோ கீழே பாத்திரக் கடைக்கு ஓடிப்போய் மூன்று சைஸில் குழிக்கரண்டி வாங்கி வந்துவிட்டார்கள். டயட்டீஷியன் ஒவ்வொன்றிலும் சாம்பாரை மொண்டு எடை போட, டிசைனர் திரையில் மூன்று கரண்டிப் படம் வரைய, எந்தக் கரண்டி முதலில் இருக்க வேண்டும் என்று கைதூக்கி ஓட்டெடுப்பு. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவிலேயே இப்படித் திருத்திவிடுவதும் ஒரு முறைதான். மைக்ரோசாஃப்டின் கேம் பிரிவினர் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டின் பயிற்சிப் பகுதியை இப்படித்தான் செப்பனிட்டார்கள், 2002இல் அதை எழுதியும் வைத்தார்கள். நாளைக் காலை வருபவர் கிராம் பெட்டியைப் பார்க்க மாட்டார். கரண்டியைத்தான் பார்ப்பார்.

“நாளைக்கு யாரு?” என்று டெவலப்பர் கேட்டார், டைப் செய்வதை நிறுத்தாமலேயே.

ஆட்களை ஏற்பாடு செய்யும் பெண் பட்டியலைப் பார்த்தார். “ஆட்டோ ஓட்டற அண்ணன். மூணு வேளையும் கடைலதான். சாம்பார் எப்பவும் பார்சல், பிளாஸ்டிக் கவர்ல கட்டித் தருவாங்களாம்.”

டிசைனர் புதிதாக ஒரு மஞ்சள் தாளைக் கிழித்தார். “அந்தக் கவர்ல எத்தனை கரண்டி பிடிக்கும்? யாராவது போய் ஒண்ணு வாங்கிட்டு வாங்கப்பா, கடை சாத்தறதுக்குள்ள!”